எங்கள் ராசாக்கள் கடல்வழி வந்தவர்கள்

மூன்று ராசாக்களும் ஒட்டகத்தில் வந்தார்கள் என்று உங்களுக்கு யார் சொன்னது? வாழ்த்து அட்டையில் பார்த்திருப்பீர்கள், சினிமாவில் பார்த்திருப்பீர்கள். போன கிறிஸ்துமஸுக்கு என் மகன் மதுரையில் ஒரு பெரிய தியேட்டருக்கு என்னைக் கூட்டிப்போனான். பாலன் பிறப்பைப் புதிதாகப் படமெடுத்திருக்கிறார்கள், அமர்க்களமாக இருக்கும் என்றான். அமர்க்களமாகத்தான் இருந்தது. ஒட்டகம் மூச்சுவிட்டால் என் நாற்காலி அதிர்ந்தது. ராசாக்கள் மணல்மேட்டில் ஏறி வந்தபோது தியேட்டரே வாய்பிளந்து உட்கார்ந்திருக்க, நான் மட்டும் "வத்தை எங்கடா?" என்று கேட்டுவிட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டிருப்பேன் போல. முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மகன் என் கையைப் பிடித்து அமுக்கினான்.

வத்தை என்றால் எங்கள் பக்கம் கரையோரமாக ஓட்டுகிற சின்னப் பலகைப் படகு. அவனுக்கு அது தெரியும். ஆனால் பெத்லகேமுக்கும் வத்தைக்கும் என்ன சம்பந்தம் என்று அவனுக்குத் தெரியாது. அறுபதைத் தாண்டிய என் சேக்காளிகளே, உங்களில் கடற்கரையில் பிறந்தவர்களுக்குச் சொன்னாலே புரிந்துவிடும். பாலன் இயேசுவைப் பார்க்க ராசாக்கள் நட்சத்திரத்தின் பின்னாலேயே தூரதேசத்திலிருந்து வந்தார்கள் என்று வேதத்தில் வாசிக்கிறார்கள். எங்கள் ஊருக்குத் தூரதேசத்திலிருந்து யார் வந்தாலும் கடல்வழியாகத்தான் வந்தார்கள். பிறகு ராசாக்கள் மட்டும் எப்படி வருவார்கள்?

எங்கள் ஊர் ராமேஸ்வரம் தீவில், அக்காள்மடத்தில் ரோட்டை விட்டுத் தெற்கே மணலில் இறங்கி நடந்தால் வரும். ஒரு கோயில், கடலைப் பார்த்து மாதா நிற்கிற கல்குகை, கெபி என்போம், ஒரு டீக்கடை, நூறு குடிசை. கிறிஸ்துமஸ் பூசையோடு முடிந்துபோகும். எங்களுக்குப் பெரிய திருநாள் ஜனவரி தொடக்கத்தில் வருகிற மூன்று ராசாக்கள் திருநாள்தான். அன்றைக்குக் கோயில் முன்மணலில் பாலன் பிறப்பு நாடகம். அதைப் பழக்குகிற அண்ணாவியார் என் தாய்மாமன். பகலில் கிழிந்த வலை பொத்துவார், பொழுதுசாய்ந்தால் பாட்டுச் சொல்லிக்கொடுப்பார்.

மாதா வேடம் டீக்கடைக்காரருக்கு. அவர் மீசை பெரிய மீசை. மார்கழி பிறந்து ஒருநாள் காலையில் அவர் மீசை இல்லாமல் டீ ஆற்றிக்கொண்டிருப்பார். அன்றைக்கு எங்களுக்குத் திருநாள் தொடங்கிவிட்டது. அந்த நாட்களில் அவர் யாரையும் கெட்ட வார்த்தை சொல்லித் திட்ட மாட்டார், கடன் கேட்டாலும் முகம் சுளிக்க மாட்டார். பெண்கள் அவர் கடைப்பக்கம் போகும்போது முக்காட்டைச் சரிசெய்துகொண்டு போவார்கள். பாலனைக் கொல்லத் தேடுகிற ஏரோது ராசா வேடம் கட்டுகிறவருக்குத்தான் பாட்டு அதிகம். பிஸ்கட் டின்னில் வெட்டிய கிரீடத்தோடு அவர் கொலுவுக்கு வந்து பாடி முடிப்பதற்குள் சின்னப்பிள்ளைகள் ஒரு தூக்கம் தூங்கி எழுந்துவிடும்.

எல்லாரும் காத்திருப்பது ராசாக்கள் வருகைக்கு. கோயில் கோபுரத்திலிருந்து கடற்கரைப் பனைமரம் வரைக்கும் தூண்டில் நரம்பு கட்டியிருப்பார்கள். அதில் காகித நட்சத்திரம், உள்ளே விளக்கு. புளியங்கொட்டைப் பசையும் மண்ணெண்ணெயும் கலந்த அந்த நட்சத்திரத்தின் வாசனை இப்போதும் எனக்குத் தெரியும். நட்சத்திரத்தை மெல்ல இழுக்க இழுக்க, அதன் பின்னாலேயே இருட்டுக்கடலில் ஒரு வெளிச்சம் தெரியும். வத்தையில் மூன்று ராசாக்களும் நின்றபடியே வருவார்கள். உட்கார்ந்து வந்தால் ராசா இல்லை, மீன் வாங்க வந்த ஆள் என்பார் மாமா. ஊரே ஓடிப்போய் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நிற்கும்.

அந்த வத்தையைக் கொண்டுவருகிறவர் நாடகக்காரர் இல்லை. அந்த வருசம் கடலில் கண்டம் தப்பிய வீடு எதுவோ, அந்த வீட்டுக்குத்தான் அந்த உரிமை. என் ஆளைக் காப்பாற்று, ராசாக்களைக் கரை சேர்க்கிறேன் என்று மாதாவிடம் நேர்ந்துகொள்வார்கள். பிழைத்து வந்த ஆள் வத்தையின் பின்னால் நின்று கம்பு ஊன்றித் தள்ளி வருவார். நான் பார்த்த வரைக்கும் அப்படித்தான்.

நான் சொல்ல வந்த வருசம் அந்த உரிமை எங்கள் வீட்டுக்கு வந்தது.

கார்த்திகையில் தீவின் வடகடல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வாடைக்காற்று பிடித்த ஒரு நாள் அய்யா, அப்பாவை நான் அப்படித்தான் கூப்பிடுவேன், போன படகு திரும்பவில்லை. மறுநாளும் இல்லை. அதற்கு மறுநாள் வீட்டுக்கு ஆட்கள் வந்து வெளியே நின்று மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். அம்மா வீட்டுக்குள்ளிருந்து வந்தாள், யாரையும் பார்க்கவில்லை, நேராக மாதா கெபிக்கு நடந்தாள். பின்னாலேயே ஊர் போனது. நான் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு போனேன்.

அம்மா மண்டியிடவில்லை. நின்றபடி, பக்கத்து வீட்டுக்காரியிடம் கேட்கிற மாதிரி கேட்டாள். "மாதாவே, இவரக் கரை சேத்துக் குடு. ராசாக்களக் கொண்டாந்து நான் கரை சேக்குறேன்."

அவ்வளவுதான். ஊரே கேட்டது. நானும் கேட்டேன்.

இரண்டொரு நாளில் அய்யா வந்தார். கடல்வழியாக இல்லை, ரயிலும் பஸ்ஸும் ஏறி. பாய்மரம் முறிந்து, காற்று எங்கோ இழுத்துக்கொண்டுபோன படகை வேற்றூர்க்காரர்கள் பார்த்து, ஆட்களை ஏற்றிக்கொண்டுபோய் அவர்கள் ஊரில் இறக்கியிருக்கிறார்கள். யாருடைய சட்டையையோ போட்டுக்கொண்டு, ரோட்டிலிருந்து மணலில் நடந்து வந்து, பசிக்கிறது என்றார். அம்மா சோறு போட்டாள். அழவில்லை. சோற்றைப் போட்டுவிட்டு அடுப்பங்கரைக்குப் போனவள் நெடுநேரம் திரும்பவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். நேர்ச்சை தீருகிற வரைக்கும் அய்யா கடலுக்குப் படகு ஏறக் கூடாது. மாதா கொடுத்திருப்பது இரவல், நேர்ச்சையைச் செலுத்தினால்தான் அது நமக்குச் சொந்தம், அதற்குள் போனால் திருப்பி எடுத்துக்கொள்வாள். அம்மாவின் கணக்கு இது. அய்யா சிரித்தார். ஆனாலும் போகவில்லை.

கடலுக்குப் போகாத மீன்பிடிக்காரர் வீட்டில் இருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அய்யா நின்றால் கூரை இடித்தது, உட்கார்ந்தால் கோழி மிதிபட்டது. அம்மா கடல்பாசி எடுக்கப் போய்ச் சம்பாதித்ததில் வீடு ஓடியது. எங்கள் ஊர்ப் பெண்கள் வத்தை தள்ளிக்கொண்டு பக்கத்துத் தீவுகளுக்குப் போய்ப் பாறையில் பாசி பறித்து வருவார்கள். சேலைக்கு மேலே ஆண்பிள்ளைச் சட்டை, காலில் துணிச்சுற்று. அம்மா திரும்பி வந்தால் வீடு முழுக்கப் பாசி வாசனை அடிக்கும். திருநாள் எப்போது வரும் என்று அந்த வருசம் என்னைவிட அய்யாதான் அதிகமாகக் கேட்டார்.

அந்த வருசம் எங்கள் கோயிலுக்குப் புதுப் பங்குச் சாமியார் வந்திருந்தார். கமுதிப் பக்கம், மிளகாய்க்காட்டில் பிறந்து வளர்ந்தவர். எங்கள் மீன்குழம்பில் காரம் போதாது என்பார். கடலைக் கோயில் வாசற்படியில் நின்று பார்ப்பதோடு சரி, அலையில் கால் நனைத்து யாரும் பார்த்ததில்லை. நல்ல மனிதர். பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுப்பார், காய்ச்சல் என்றால் தானே வந்து பார்ப்பார். எங்களுக்கு உலகத்தைக் காட்ட வேண்டும் என்று அவருக்கு ஆசை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வெளியூரிலிருந்து படவண்டி வரவழைத்தார். பாலன் பிறப்பைச் சினிமாவாகப் பார்க்கப் போகிறோம் என்றார்.

படவண்டி அக்காள்மடம் ரோட்டை விட்டு இறங்கியதும் மணலில் புதைந்தது. ஊரே திரண்டு போனது. தென்னமட்டையைச் சக்கரத்துக்கு முன்னால் போட்டு, படகு இழுக்கிற மாதிரி ஏலேலோ சொல்லி இழுத்து, வண்டி கோயில் வாசலுக்கு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. படம் காட்ட வந்தவர் முகத்தில் பயம் தெரிந்தது. நாங்கள் வண்டியோடு அவரையும் சேர்த்து இழுத்து வந்திருந்தோம்.

இரண்டு கம்புகளுக்கு நடுவே வெள்ளைத் திரை கட்டினார்கள். வாடைக்காற்று விடுமா? திரை வயிறு ஊதியது. சூசையப்பர் வயிறும் ஊதியது, கழுதை வயிறும் ஊதியது. காற்று நின்றால் எல்லாரும் மெலிந்தார்கள். வேற்றுமொழிப் படம் என்பதால் சாமியார் மைக்கைப் பிடித்துக்கொண்டு கதை சொன்னார். முன்னால் இடமில்லாமல் பாதி ஊர் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தது. பின்னாலும் படம் நன்றாகவே தெரிந்தது.

உள்ளதைச் சொல்ல வேண்டும். எனக்கு மூச்சே நின்றுவிட்டது. எங்கள் நாடகத்தில் பாலன் மண் சுரூபம், அழாது. படத்தில் உண்மையான பச்சைப்பிள்ளை. அது வீல் என்று அழுததும் கூட்டத்தில் இருந்த பெண்கள் மொத்தப் பேரும் ஒருமுறை அசைந்தார்கள். என் பக்கத்தில் கைப்பிள்ளையோடு உட்கார்ந்திருந்த அக்கா ஒருத்திக்கு ரவிக்கை நனைந்துவிட்டது. அவள் சிரித்துக்கொண்டே முந்தானையை இழுத்துவிட்டாள். எந்த நாடகத்தாலும் அது முடியாது. நட்சத்திரமும் அப்படித்தான். எங்கள் நட்சத்திரம் பாதியில் நரம்பில் சிக்கிக்கொண்டு ஆடும், படத்து நட்சத்திரம் வானத்தில் தானாகவே நடந்தது.

பிறகு ஒட்டகங்கள் வந்தன. ஒரே மணல். மணலுக்குப் பின்னால் மணல். நாங்கள் கடலுக்காகக் காத்திருந்தோம். இந்த மணல் முடிந்தால் கரை வந்துவிடும், அங்கே வத்தை நிற்கும் என்று நான் நினைத்தேன். ராசாக்கள் நேராகத் தொழுவத்துக்கே வந்து இறங்கிவிட்டார்கள். சாமியார் மைக்கில் குரலை உயர்த்தி, இதுதான் உண்மையில் நடந்தது, நல்லாப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். ஏரோது ராசா இரண்டே இரண்டு தடவை தலைகாட்டினார், ஒரு பாட்டுக்கூட இல்லை. எங்கள் ஏரோது எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் டீக்கடையில் இடம் இல்லை. திரைக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள் ராசாக்கள் கிழக்கேயிருந்து வந்தார்கள் என்றார்கள். பின்னால் உட்கார்ந்தவர்கள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்கள், மேற்கேயிருந்துதான் வந்தார்கள், நாங்கள் கண்ணால் பார்த்தோம் என்று. இரண்டு அண்ணன் தம்பிகள் இதில் பேச்சை நிறுத்தி, பொங்கல் வரைக்கும் பேசிக்கொள்ளவில்லை. டீக்கடைக்காரருக்குப் படத்து மாதாவைப் பிடிக்கவில்லை. "புள்ள பெத்தவ ஒரு தாலாட்டாவது பாட வேணாமா? சும்மா பாத்துக்கிட்டே இருக்கா" என்று மீசை இல்லாத மேலுதட்டைத் தடவிக்கொண்டார். துணிமூட்டையோடு வருகிற பாய் ஒருவர்தான் எங்களில் ஒட்டகம் பார்த்தவர். ஹஜ்ஜுக்குப் போனபோது பார்த்திருக்கிறார். ஒட்டகம் மணலில் போகும், தண்ணியில் இறங்காது என்று அவர் சொன்னதும் கூட்டம் கவலையில் ஆழ்ந்தது.

ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் சாமியார் விசயத்தை முடித்தார். பெத்லகேமில் கடல் கிடையாது. ராசாக்கள் வத்தையில் வந்ததாக வேதத்தில் எங்கேயும் இல்லை. அறியாமல் செய்ததைத் தப்பென்று சொல்ல மாட்டேன், ஆனால் அறிந்த பிறகும் செய்யலாமா? இந்த வருசம் ராசாக்கள் ரோட்டுப் பக்கத்திலிருந்து ஒட்டகத்தில் வருவார்கள். சத்தம்போடாமல், வருத்தத்தோடு சொன்னார். வேதத்தில் அந்தக் கதையில் ஒட்டகமும் இல்லை என்பது எனக்கு வளர்ந்து வாசித்த பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு மாமாவுக்கும் தெரியாது, தலையைக் குனிந்துகொண்டார்.

பூசை முடிந்ததும் அம்மா நேராகச் சாமியாரிடம் போனாள்.

"அப்ப என் நேர்ச்சை சாமி?"

நேர்ச்சையை வேறொன்றாக மாற்றிக்கொடுக்கத் தனக்கு அதிகாரம் உண்டு என்றார் சாமியார். தினமும் செபமாலை சொல்லி, திருநாளன்று ஒரு பெரிய மெழுகுதிரி ஏற்றினால் போதும், மாதா ஏற்றுக்கொள்வாள் என்றார்.

"மாதாட்ட நீங்க கேட்டீகளா சாமி?"

சாமியார் சிரித்துவிட்டார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அம்மாவும் லேசாகச் சிரித்த மாதிரிதான் இருந்தது. சரி சாமி என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவள் கை என் கையை வலிக்க வலிக்கப் பிடித்திருந்தது. அய்யா பின்னால் வந்து, இனிமேல் நாளைக்கே கடலுக்குப் போகலாம்தானே, சாமியாரே சொல்லிவிட்டார் என்றார். அம்மா திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு ஊரில் ஒட்டகம் செய்கிற வேலை. அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்குக் கால் தரையில் நிற்காது. மூன்று ஒட்டகத்துக்குச் சாமான் பற்றாது என்று ஒரே ஒட்டகம் செய்தார்கள். ஒரு ராசா மேலே, இரண்டு ராசா பின்னால் நடை. பழைய பாய்த்துணியும் சாக்கும் சேர்த்து உடம்பு தைத்தார்கள். மீன்கூடையைக் கவிழ்த்துத் திமில். மூங்கிலை நெருப்பில் காட்டி வளைத்துக் கழுத்து. தலை எப்படி இருக்கும் என்பதில் ஆளுக்கொரு அபிப்பிராயம். கடைசியில் பாய் வந்து, தேங்காய்நாரில் இமை வைத்து, உதட்டைக் கொஞ்சம் தொங்கவிட்டுச் சரிசெய்தார். பார்த்துவிட்டு, நாற்றம் மட்டும்தான் குறை என்றார்.

உள்ளே இரண்டு ஆட்கள். சாமியார் எங்கள் வீட்டுக்கே வந்து, வத்தை போய்விட்டது என்று வருத்தப்படாதீர்கள், ஒட்டகத்தின் முன்னங்கால்கள் நீங்கள்தான் என்று அய்யாவிடம் சொன்னார். வேலை இல்லாமல் வீட்டில் கிடந்த அய்யாவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. "நாலு கால்ல ரெண்டு நம்ம வீட்டுக்கு வந்துருச்சு புள்ள" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா காய்ந்த பாசியை உதறிக்கொண்டே இருந்தாள். பின்னங்கால்கள் ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்த ஒருவர். மணலில் ஒத்திகை நடக்கும்போது முன்னங்கால் வலது போனால் பின்னங்கால் இடது போகும். நாங்கள் பின்னாலேயே ஓடுவோம். ஒட்டகம் உட்கார்ந்து எழுந்திருக்கப் பழகிய அன்றைக்குக் கைதட்டல் கடல்வரைக்கும் கேட்டது.

அம்மா ஒருநாள்கூட ஒட்டகத்தைப் பார்க்க வரவில்லை. பாசிக்குப் போனாள், வந்தாள், செபமாலை சொன்னாள். சின்னையாவிடம் மட்டும் ஒருநாள் தனியாகப் பேசிக்கொண்டிருந்தாள். சின்னையா அய்யாவின் தம்பி, வெகுகாலமாக மூன்றாம் ராசா. வெள்ளைப்போளம் என்கிற வாசனைப் பிசின் வைத்த கிண்ணத்தைக் கையில் ஏந்தி வருகிற ராசா. அவர் தலையைத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அம்மா மெழுகுதிரிக்குச் சம்மதித்துவிட்டாள், அடங்கிவிட்டாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். எங்கள் வீட்டு ஒட்டகமும் அப்படியே நினைத்தது.

திருநாளும் வந்தது. எங்கள் ஊர்த் தென்கடல் அந்த மாதத்தில் எப்போதும் போலப் படுத்துக்கிடந்தது. பொழுது சாய்கிற நேரத்தில் பெட்ரோமாக்ஸ் விளக்குகளைப் பம்பு அடித்து ஏற்றினார்கள். சாமியாருக்கு முன்னால் நாற்காலி. டீக்கடைக்காரர் நீலச்சேலையில் வந்து உட்கார்ந்து மண் சுரூபத்துக்குத் தாலாட்டுப் பாடினார். படத்து மாதாவின் மேலிருந்த கோபம் முழுவதையும் பாட்டில் காட்டினார். அவ்வளவு நன்றாக அவர் அதற்கு முன்னும் பாடியதில்லை, பின்னும் பாடியதில்லை. நான் அம்மாவைத் தேடினேன். பெண்கள் பக்கத்தில் இல்லை.

நட்சத்திரம் இந்த முறை ரோட்டுப் பக்கமாக நகர்ந்தது. அதன் பின்னால் இருட்டிலிருந்து ஒட்டகம் வந்தது. சேக்காளிகளே, அது வந்த வரவு! கழுத்தை ஆட்டிக்கொண்டு, உதட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு, காலை எடுத்து எடுத்து வைத்து வந்தது. சின்னப்பிள்ளைகள் அலறின. மேலே முதல் ராசா திமிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இரண்டாம் ராசா நடந்து வந்தார்.

மூன்றாம் ராசாவைக் காணோம்.

மாமா ரோட்டைப் பார்த்தார். இரண்டு ராசாக்களும் பாடி முடித்துவிட்டார்கள். அடுத்த பாட்டு மூன்றாம் ராசாவுடையது, அவர் வராமல் கதை நகராது. மாமா சமாளிக்க வேண்டி ஏரோதை மறுபடி கொலுவுக்கு வரச் சொன்னார். ஏரோது சந்தோசமாக வந்து முதல் பாட்டிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். சாமியார் நாற்காலியில் நெளிந்தார்.

அப்போதுதான் கடற்கரைப் பக்கமிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. "வத்தை வருது!"

ஏரோதின் பாட்டு அப்படியே நின்றது. நாங்கள் எழுந்து ஓடினோம். நாற்காலி சாய்ந்தது, விளக்கோடு ஆட்கள் ஓடினார்கள், டீக்கடைக்காரர் சுரூபத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினார். இருட்டுக்கடலில் ஒற்றை அரிக்கேன் வெளிச்சம். அதற்குப் பின்னால் தகரக்கிரீடம் மின்னியது. சின்னையா நின்றுகொண்டிருந்தார், கையில் கிண்ணம். அவருக்கும் பின்னால், வத்தையின் கடைசியில், ஆண்பிள்ளைச் சட்டையும் தார்பாய்ச்சிக் கட்டிய சேலையுமாக ஓர் உருவம் கம்பை ஊன்றித் தள்ளிக்கொண்டு வந்தது.

ஒட்டகத்துக்கு ஒன்றும் தெரியவில்லை. என்ன, என்ன என்று உள்ளேயிருந்து அய்யா கேட்டுக்கொண்டே இருந்தார். யாரோ ஓடுகிற ஓட்டத்தில் பதில் சொன்னார்கள். "ஒம் பொஞ்சாதி ராசாவக் கொண்டுக்கிட்டு வருதப்பா!"

ஒட்டகத்தின் முன்பாதி ஓடியது. பின்பாதிக்குச் சேதி போய்ச் சேரவில்லை. தையல் பிரிந்து திமில் உருண்டது, முதல் ராசா ஐஸ் கம்பெனிக்காரர் மேல் விழுந்தார். கழுத்தும் தலையும் மட்டும் அய்யாவின் தோளில் ஆடிக்கொண்டே கூட்டத்தைப் பிளந்துகொண்டு கடலுக்குள் போயின. அய்யா இடுப்புத் தண்ணீர் வரைக்கும் போய்விட்டார். வத்தையின் முனையை இரண்டு கையாலும் பிடித்து இழுக்கப் போனார்.

"கை வைக்காதீக."

அம்மா கத்தவில்லை. ஆனால் கரையில் எல்லாருக்கும் கேட்டது. அய்யா கையை வத்தையில் வைத்தபடியே நின்றார். ஒட்டகத்தலை அவர் தோளில் சரிந்து தொங்கியது.

"நம்ம வீட்டு நேர்ச்சைதான புள்ள. யாரு சேத்தா என்ன?"

"கடல்ல காணாமப் போனது நீங்க. கெபியில நின்னு கேட்டது நானு. நான் கரை சேக்குறேன்னுதான் சொன்னேன். நீங்க என்னைக்கு நேந்தீக?"

நான் அந்த வார்த்தையைக் கேட்டிருக்கிறேன். ஊரே கேட்டிருக்கிறது. நான் கரை சேர்க்கிறேன் என்று அவள் சொன்னது அத்தனை பேர் காதிலும் அவர் கரை சேர்ப்பார் என்றே விழுந்திருக்கிறது. சாமியார், மாமா, அய்யா, வெளியே நின்று மெதுவாகப் பேசிய ஆட்கள், ஒருத்தர்கூட யார் கொண்டுவரப்போவது என்று அவளிடம் கேட்கவில்லை. இந்தக் கதையை எத்தனை திரையில் பார்த்துவிட்டேன், பள்ளிக்கூட மேடைகளிலும் பார்த்துவிட்டேன். எதிலும் இப்படி ஒரு வரவை நான் பார்க்கவில்லை.

அய்யா இரண்டு கையையும் எடுத்துவிட்டார். ஒதுங்கி வழிவிட்டார். தண்ணீரில் நின்ற அத்தனை பேரும் இரண்டு பக்கமும் விலகினார்கள். அம்மா கம்பை ஊன்றினாள், எடுத்தாள், மறுபடி ஊன்றினாள். அவள் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது. யாரும் உதவவில்லை, உதவக்கூடாது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. வத்தையின் அடி மணலில் உரசி நின்றது. சின்னையா இறங்கினார். சாமியார் ஓடிவந்து அலையோரம் நின்றிருந்தார். வெள்ளை அங்கி முழங்கால்வரை நனைந்திருந்தது, அதை அவர் கவனிக்கவில்லை. கையை நீட்டி மூன்றாம் ராசாவைப் பிடித்துக் கரையேற்றினார். பிறகு அம்மாவைப் பார்த்துக் கைகூப்பினார்.

ஊர் போட்ட சத்தத்தில் கோபுரத்துப் புறாக்கள் எல்லாம் கலைந்துபோயின. டீக்கடைக்காரர் அழுதார், சாயம் வழிந்து பாதி மாதா பாதி டீக்கடைக்காரராக நின்றார். நான் தண்ணீரில் குதித்துக் குதித்துக் கத்தினேன். அந்தச் சந்தோசம் என் கல்யாணத்தில்கூட எனக்கு வந்ததில்லை.

அம்மா வத்தையை விட்டு இறங்கினாள். ஒரு கையால் பலகையைப் பிடித்துக்கொண்டு அய்யாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் ஒட்டகத்தலையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் முன்னால் வந்து நின்றார். அவர் சட்டையில் ஒட்டியிருந்த சாக்குநாரை அம்மா தட்டிவிட்டாள்.

"இனி நீங்க கடலுக்குப் போங்க" என்றாள்.